வெளிச்சவீட்டடியில் நின்ற படகு

எட்வேட் அங்கிள் முதன்முதல் எங்கள் கொம்பியூட்டர் கடைக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். காலைப் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டை மாற்றாமல் வந்திருந்தார். செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று வாசலில் நின்று யோசித்தார், பிறகு கழற்றினார்.

"பிள்ளை, இஞ்சை படகு ஓட்டிற விளையாட்டு ஒண்டு இருக்காம்."

"இருக்குது. ஆருக்கு?"

"எனக்குத்தான்."

உள்ளே விளையாடிக்கொண்டிருந்த பொடியன்களில் ஒருவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "அப்புவுக்குக் கடலிலை ஓட்டினது காணாதாம்."

"காணாது தான் தம்பி," என்றார் அவர். கோபம் இல்லை. என்னிடம் திரும்பி, "கஷ்டமோ?" என்று கேட்டார்.

"பழகினால் கஷ்டமில்லை. முந்தி விளையாடி இருக்கிறீங்களோ?"

"இல்லை. மகன் தான் விளையாடுறவன். இப்ப பிரான்சிலை நிக்கிறான். எங்களோடை கதைக்கிறேல்லை. நம்பரும் மாத்திப்போட்டான். ஆனா ஞாயிறிலை இந்த விளையாட்டிலை நிப்பானாம். அவனோடை படிச்ச ஜெகதீபன் லண்டனிலை இருந்து கண்டு சொன்னவன்."

"அப்ப ஜெகதீபனிட்டையே சொல்லி விடலாமே."

"சொல்லி விட்டது. ஊர் எண்டு வாயெடுத்த உடனை எழும்பிப் போயிட்டானாம். பிறகு கனநாள் அந்தப் பக்கம் வரேல்லை."

"நான் வேணுமெண்டால் எழுதிப் பாக்கட்டா? விளையாட்டுக்குள்ளேயே எழுதலாம்."

"நீ எழுதினாலும் அது தானே பிள்ளை நடக்கும். ஆரோ வீட்டாள் அனுப்பின ஆள் எண்டு போயிடுவான். நான் அவன்ரை படகிலை ஏறவேணும். ஏறினாப் பிறகு பாப்பம்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார்.

"அவன்ரை தாய்க்கு ஏலாது. வீட்டை கொண்டு போங்கோ எண்டு டொக்டர் சொல்லிட்டார். அவ வேறை ஒண்டும் கேக்கேல்லை. அவன்ரை குரலை ஒருக்காக் கேக்கவேணுமாம்."

பிறகு, "எந்தக் கதிரையிலை இருக்க?" என்றார்.

*

எட்வேட் அங்கிள் ஓலைத்தொடுவாய் என்ற கடற்கரை ஊர்க்காரர். சின்ன வயதில் தாய் தகப்பனோடு இந்தியாவுக்குப் போய், மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே அருளம்மாவைக் கலியாணம் செய்து, கைக்குழந்தையோடு திரும்பி வந்தவர். அந்தக் குழந்தைதான் டிலுக்சன். பிறகு டிலோஜினி பிறந்தாள். வந்த நாளிலிருந்து கடல்தான். நண்டுவலையும் சூடைமீன் வலையும். கடலை விட்டால் கோவில், கோவிலை விட்டால் வீடு.

அவரைப் பற்றி அந்தக் கரையில் ஒரு பகிடி இருக்கிறது. அவர்கள் படகு இறக்கும் இடத்தில் ஒரு சின்ன மாதா சிலை நிற்கிறது, சுருவம் என்பார்கள். தொழிலுக்குப் போகும் எல்லோரும் அதைப் பார்த்து ஓட்டத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டு போவார்கள். எட்வேட் அங்கிள் அப்படிப் போகமாட்டார். எஞ்சினைத் தணித்து, படகின் மூக்கைச் சுருவத்தின் பக்கம் திருப்பி, ஒரு 'அருள் நிறைந்த மரியே' முழுவதும் சொல்லி முடித்த பிறகுதான் வெளியே திருப்புவார். காற்று எழும்பினாலும் சரி, பின்னால் வருகிறவன் கத்தினாலும் சரி. "எட்வேட் மாதாவோடை கதைச்சு முடியாமல் கடல் திறக்காது," என்பார்கள். டிலுக்சன் பள்ளிக்கூடம் படிக்கும் காலத்திலேயே அந்தப் படகின் முன் அணியத்தில் குந்தியிருந்து, தகப்பன் சொல்லி முடிக்கும் வரைக்கும் காத்திருந்து வளர்ந்தவன். இதையெல்லாம் அவர் ஒருநாளும் கோர்வையாகச் சொன்னதில்லை. விளையாடிக்கொண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொன்னது.

முதலில் அவருக்குக் கீபோட்டும் மௌசும் தான் கொடுத்தேன். விளையாட்டு இங்கிலிசில் இருந்தபடியால் நான் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. டபிள்யூவை அமத்தினால் முன்னுக்கு, ஏ இடப்பக்கம், டி வலப்பக்கம், மௌசை அசைத்தால் பார்வை திரும்பும். அவர் மௌசை ஓடப் பார்க்கிற நண்டை அமத்துவது போல உள்ளங்கையால் மூடிப் பிடித்தார். பார்வை வானத்துக்கும் தண்ணீருக்குமாகப் பாய்ந்தது. நைலோன் நூல் அறுத்து அறுத்து அவருடைய வலது கைச் சுட்டுவிரல் மடியாமல் நின்றுவிட்டது. இடது கையிலும் இரண்டு விரல்கள் தனித்தனியாக எழும்பாது. ஏ-யை அமத்தினால் கூடவே பக்கத்தில் இருந்ததும் அமந்தது.

"இதிலை மெல்லமாத் திருப்புறது எப்பிடி?" என்று கேட்டார்.

அப்படி ஒரு வழி இல்லை என்றேன். அமத்தினால் முழுதாகத் திரும்பும், விட்டால் நின்றுவிடும்.

"அப்ப இது ஒழுங்கான சுக்கான் இல்லை."

அதன் பிறகுதான் கொன்ரோலரை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கைக்குள்ளும் அடங்குகிற சாமான். இரண்டு பெருவிரலுக்கும் இரண்டு சின்னத் தடிகள். கீபோட்டுக்குத் தெரிந்தது ஓம், இல்லை என்ற இரண்டு சொல் மட்டும். கொன்ரோலரின் தடிக்குக் 'கொஞ்சம்' என்ற சொல் தெரியும். ஒரு நெல் அளவு தள்ளினால் படகு ஒரு நெல் அளவு திரும்பும். அவருடைய பெருவிரல்களுக்கு இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

ஆனாலும் அன்று பின்னேரம் முழுவதும் அவர் துறைமுகத்துச் சுவரில் மோதிக்கொண்டே இருந்தார். பொடியன்கள் எழும்பி வந்து பின்னால் நின்று சிரித்தார்கள். எனக்கும் விளங்கவில்லை. பிறகு அவருடைய பெருவிரலைக் கவனித்தேன். வலப்பக்கம் போக வேண்டிய இடத்தில் தடியை இடப்பக்கம் தள்ளினார். எஞ்சின் படகு ஓட்டிய கை அது. பின்னால் இருந்து எஞ்சின் பிடியை இடப்பக்கம் தள்ளினால்தான் படகு வலப்பக்கம் திரும்பும். கைக்கு அது ஊறிப்போய் இருந்தது. விளையாட்டின் அமைப்புகளுக்குள் தேடித் திசையை மாற்றி வைத்தேன்.

அடுத்த ஓட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. காற்றடித்த கடலில் அலைக்குக் குறுக்கே போகாமல், ஒவ்வொரு அலைக்கும் மூக்கைக் கொஞ்சம் கொடுத்து, இறங்கும்போது வேகத்தைத் தணித்துக்கொண்டு போனார். "அப்பு, எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ," என்றான் முதலில் அவரைப் பகிடி பண்ணிய பொடியன்.

பிறகு அநேகமாக ஒவ்வொரு நாளும் வந்தார். காலையில் மீனைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுவார். கொஞ்ச நேரம் ஓடுவார், உடனே திரும்பிப் போவார். வீட்டில் அருளம்மா கேட்பாவாம். "இண்டைக்குக் கண்டனீங்களோ?" பிறகு கேட்டாவாம்: "அவன்ரை படகு என்ன நிறம்?" இதைச் சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்றேன். "நீலம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்," என்றார்.

ஜெகதீபன் சொன்னபடி, டிலுக்சன் விளையாட்டில் வைத்திருந்த பெயர் 'தீடை'. தலைமன்னாருக்கு அப்பால் கடலுக்குள் கிடக்கும் மணல்மேடுகளை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெயரைத் தேடினோம். ஒரு ஞாயிறும் காணக் கிடைக்கவில்லை. வேறு நாளில் வருகிறானோ என்று நான் ஜெகதீபனுக்கு எழுதிக் கேட்டேன். நேற்று ஞாயிறும் கண்டேனே என்று பதில் வந்தது. அவன் கீபோட்டில் விளையாடுகிறவன், நீங்கள் எதில் நிற்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தான்.

அப்போதுதான் எனக்கு விசயம் பிடிபட்டது. அடுத்த நாள் அவர் வந்ததும் சொன்னேன்.

அந்த விளையாட்டில் படகு ஓட்டுவது மட்டுமில்லை, கொள்ளைக்காரரைக் குறி பார்த்து ஈட்டி எறியவும் வேண்டும். பெருவிரலால் குறி பார்ப்பது கஷ்டம் என்பதால் கொன்ரோலர் காரருக்கு விளையாட்டே கொஞ்சம் கைகொடுக்கும். மௌஸ் காரருக்கு அந்த உதவி இல்லை. ஆனால் கண் இமைக்க முன்னம் திரும்பிவிடுவார்கள். இரண்டு பகுதியும் மற்றப் பகுதி களவு செய்கிறது என்று சண்டை பிடித்துப் பிடித்து, கடைசியில் விளையாட்டை நடத்துகிறவர்கள் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். கொன்ரோலரைச் செருகினால் ஒரு துறைமுகம். கீபோட்டும் மௌசும் என்றால் வேறு துறைமுகம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று. அதே சுவர், அதே வாய்க்கால், படகுகளுக்கு வழிகாட்டும் அதே வெளிச்சவீடு. ஒரு துறைமுகத்தில் நிற்பவனை மற்றதில் நிற்பவன் காணமுடியாது.

"ஒரே கடலிலை இரண்டு துறையோ?" என்றார்.

"ஓம் அங்கிள்."

"நான் இவ்வளவு நாளும் அவன் இல்லாத கடலிலை ஓடிக்கொண்டு இருந்திருக்கிறன்."

அவர் கொன்ரோலரை மடியில் வைத்தார். பிறகு, "அவன் ஏன் கீபோட் எண்டு எனக்குத் தெரியும்," என்றார்.

டிலுக்சனிடம் முந்தி ஒரு கொன்ரோலர் இருந்ததாம். மீன் வாடியில் நண்டு தரம் பிரித்துச் சேர்த்த காசில் அவனாக வாங்கியது. ஒருநாள் விடிய அவன் எழும்பவில்லை. தகப்பன் தனியப் போய், தனிய வலை இழுத்து, கை அறுபட்டுத் திரும்பி வந்தபோது அவன் விறாந்தையில் அதை வைத்து விளையாடிக்கொண்டு இருந்தான். அவர் அதை வாங்கிக்கொண்டு கரைக்கு நடந்து போய்க் கடலில் எறிந்தார். அவன் பின்னால் வரவுமில்லை, கத்தவுமில்லை. அதற்குப் பிறகு அவன் வேறு ஒன்று வாங்கவே இல்லையாம். சிநேகிதன் வீட்டில் கீபோட்டில் பழகினான். அடுத்த வருசம் ஏஜென்சிக் காரனோடு பிரான்சுக்கு வெளிக்கிட்டான். போய்ச் சேர்ந்த பிறகு தாயோடு மட்டும் போனில் கதைப்பான். ஒருநாள் இவர் போனை வாங்கி, "கடலும் வேண்டாம் ஊரும் வேண்டாம் எண்டால் எங்களையும் விட்டிட்டுப் போ," என்றார்.

"சொன்னதைச் செய்துபோட்டான்," என்றார். "சின்னனிலை ஒரு சொல்லுக் கேளான்."

கொன்ரோலரை என்னிடம் நீட்டினார். "இதை வை பிள்ளை. அதைத் தா." கீபோட்டைக் காட்டினார்.

*

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. கொன்ரோலரில் அலையோடு கதைத்த மனிதர் கீபோட்டில் குடிகாரனைப் போலப் போனார். மற்றவர்களின் படகில் ஏறினால் சுக்கான் முறை வைத்து ஒவ்வொருவருக்கும் வரும். இவர் முறை வந்ததும் படகு சுவரில் ஏறும். படகில் இருக்கிறவர்கள் வாக்குப் போட்டு ஒருவரை வெளியே எறியலாம் என்று ஒரு வழி அந்த விளையாட்டில் உண்டு. பாதிப் பேருக்கு மேல் அமத்தினால் போதும், திரை கறுத்துவிடும். அவரை எறிந்துகொண்டே இருந்தார்கள். எறியப்படும் ஒவ்வொரு முறையும், "திருப்பி ஏத்து பிள்ளை," என்பார்.

இடது கையில் தனித்தனியாக எழும்பாத இரண்டு விரலுக்கும் இடையில் ஒரு தீக்குச்சியை வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு வந்தார். அப்படியென்றால் தனித்தனியாக விழுமாம். மெல்லத் திருப்புவதற்கு ஏ-யைத் தட்டி விட்டு, தட்டி விட்டு, மீன் கொத்துவது போலத் தட்டப் பழகினார். கொஞ்சம் வந்தது. நல்லாக வரவில்லை.

டிலோஜினி என்னுடைய போனுக்கு எடுக்கத் தொடங்கினாள். "அக்கா, அப்பாவை அனுப்பி விடுங்கோ. அம்மா தேடுறா." அவர் எழும்புவார். அடுத்த நாள் அவளே எடுத்துச் சொல்வாள்: "அப்பா வந்திட்டாரோ அக்கா? அம்மா தான் போகச் சொன்னவ. இஞ்சை இருந்து என்ன செய்யிறீங்கள், போய்த் தேடுங்கோ எண்டு." இங்கே இருந்தால் வீட்டை நினைத்தார். வீட்டில் இருந்தால் இதை நினைத்தார். பஸ்ஸில் இருந்த நேரம்தான் அவருக்குக் குற்றம் இல்லாத நேரம் என்று ஒருமுறை சொன்னார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் நாங்கள் புதிய பெயர் ஒன்றில் ஏறினோம். 'நண்டு' என்று அவரே சொல்லி வைத்த பெயர். படகின் ஆட்களின் பெயர் திரையின் மூலையில் வந்தது. நான் மனதுக்குள் வாசித்துக்கொண்டு போனேன். மூன்றாவது பெயர் தீடை.

நான் அவரைப் பார்த்தேன். அவருக்கு இங்கிலிஸ் எழுத்துத் தெரியாது. அதற்கிடையில் ஸ்பீக்கரில் ஒரு குரல், "ஈட்டி என்னட்டை விடுங்கோ," என்றது. அவர் அதற்குமேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அது அவன் குரல் என்று அவர் முகத்தில் இருந்தது.

"இப்ப சொல்லுங்கோ," என்று மைக்கை அவர் பக்கம் தள்ளினேன்.

தலையை ஆட்டினார். "பயந்து ஓடிடுவான். கொஞ்சம் பொறு."

சுக்கான் முறை இவருக்கு வந்தது. துணி கட்டிய விரலால் தட்டித் தட்டி, படகைச் சுவரில் முட்டாமல் வாய்க்காலுக்குள் கொண்டு வந்தார். பின்னால் கொள்ளைக்காரப் படகுகள் இரண்டு துரத்திக்கொண்டு வந்தன. வாய்க்கால் முடிவில் வெளிச்சவீடு. அதைத் தாண்டினால் திறந்த கடல்.

வெளிச்சவீட்டடியில் அவர் விரலை எடுத்தார்.

கொன்ரோலர் என்றால் படகு மெல்லத் தணிந்திருக்கும். கீபோட்டில் அது செத்தது போல நின்றது. இரண்டு தட்டில் மூக்கை வெளிச்சவீட்டின் பக்கம் திருப்பினார். அவர் உதடு அசைந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கரையை விட்டு வெளியே போகிற இடத்தில் அந்தக் கை அதைத்தான் செய்யும். கொன்ரோலரில் ஓடிய நாட்களிலும் செய்திருப்பார். வேகம் அழகாகத் தணிந்து ஏறியதில் நான் அதைக் கவனிக்கவில்லை.

"டேய், ஆரடா சுக்கானிலை? நித்திரையோ?"

"நண்டண்ணை, ஓடுங்கோ அண்ணை. பின்னாலை வாறாங்கள்."

"நண்டு பக்கத்தாலை தான் மச்சான் போகும்."

"எறியடா ஆளை. அமத்துங்கோ, அமத்துங்கோ."

வாக்குப் பெட்டி திரையில் எழும்பியது. "தீடை, நீயும் அமத்து."

"பொறு," என்றது அந்தக் குரல்.

"என்ன பொறு? ஈட்டி விழுகுது."

"பொறுங்கோடா." பிறகு கொஞ்சம் வேறு விதமாக, "அண்ணை... ஏன் வெளிச்சவீட்டடியிலை நிண்டனீங்கள்?"

நான் மைக்கை அவர் வாய்க்குக் கிட்டப் பிடித்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். ஒரு கையை எனக்கு நேரே தூக்கி, பொறு என்று காட்டினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பாதியில் விட்டு அவருக்குப் பழக்கம் இல்லை. 'எங்கள் மரண நேரத்திலும்' என்ற இடம் மட்டும் எனக்குக் கேட்டது. அதை முடித்து, சிலுவை போட்டு, கண்ணைத் திறந்து, "தம்பி, அம்மா..." என்றார்.

திரை கறுத்திருந்தது. மற்றவர்களின் வாக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

எறியப்பட்ட படகில் திரும்ப ஏற முடியாது. வேறு பெயரில் ஏறிப் பார்த்தேன். துறைமுகத்தில் நிற்பவர்களின் பெயர்களை மேலிருந்து கீழ் வரைக்கும் வாசித்தேன். தீடை என்ற பெயர் அணைந்திருந்தது. அவர் இரண்டு கையையும் கீபோட்டின் மேலே வைத்தபடி இருந்தார். துணி அவிழ்ந்து தீக்குச்சி கீழே விழுந்து கிடந்தது. "கேட்டவன் தானே?" என்று என்னிடம் கேட்டார். "ஏன் நிண்டனீங்கள் எண்டு கேட்டவன் தானே?"

"ஓம் அங்கிள். கேட்டவர்."

அருளம்மா அந்தக் கிழமைக்குள்ளேயே போய்விட்டா. கடைசி இரவு வரைக்கும் போனைத் தலைமாட்டில் வைத்திருந்தாவாம். போன் அடிக்கவில்லை.

செத்தவீட்டுக்கு நான் போனேன். டிலோஜினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எட்வேட் அங்கிள் வாசலில் கதிரைகளை வரிசையாக வைத்துக்கொண்டு இருந்தார். வைத்ததை எடுத்துத் திரும்பவும் வைத்தார். என்னைக் கண்டதும், "அவவுக்கு நீலம் எண்டு தான் தெரியும்," என்று மட்டும் சொன்னார்.

பிறகு அவர் கடைக்கு வரவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் அந்தக் கதிரை காலியாக இருக்கும்போது நான் அவருடைய 'நண்டு' என்ற பெயரைப் போட்டு ஏறுவேன். கீபோட் துறைமுகத்தில், ஒருவரும் இல்லாத தனிப் படகில். எனக்குப் படகு சரியாக ஓட்டத் தெரியாது. வெளிச்சவீட்டடிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஆட்களுக்குப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிறு, வாய்க்காலுக்குள்ளால் ஒரு படகு வந்தது. ஒரே ஒரு ஆள். நாங்கள் முந்திக் காணாத பெயர். மற்றவர்களைப் போல என்னை இடிக்கவுமில்லை, தாண்டிப் போகவுமில்லை. வெளிச்சவீட்டடியில் செத்தது போல நின்றது. இரண்டு தட்டில் மூக்குத் திரும்பியது. நான் கிறிஸ்தவ வேதக்காரி இல்லை. அந்தச் செபம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு கீயிலும் கை வைக்காமல் இருந்தேன். அது நின்றது. பிறகு கடலுக்குத் திரும்பிப் போனது.

எட்வேட் அங்கிளுக்குப் போன் எடுத்தேன். அடுத்த பஸ்ஸில் வந்தார். இந்த முறை செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார்.

"மூக்கு எந்தப் பக்கம்?"

"வெளிச்சவீட்டுப் பக்கம்."

"ஏதும் எழுதினவனோ?"

"இல்லை."

"நீ?"

"இல்லை அங்கிள்."

கதிரையில் இருந்தார். வெறும் திரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அவன் திருப்பி வருவான் பிள்ளை. தாய் இன்னும் இருக்கிறா எண்டு நினைச்சுத்தான் வருவான். நான் ஒவ்வொரு ஞாயிறும் வருவன். ஆனா இந்த பஸ்ஸை நம்பேலாது. நான் இல்லாத நேரம் அவன் வந்தால் தாய் போன கதையை நீ சொல்லிப்போடாதை. அதை நான் தான் சொல்லவேணும். நீ ஒண்டும் எழுதவேண்டாம், ஒண்டும் கேக்கவேண்டாம். எனக்கு ஒருக்காப் போன் அடி. நான் வந்து சேருமட்டும் படகை அந்த இடத்திலை அசையாமல் பிடிச்சுக்கொண்டு நில்லு."